பல்லாவரத்தில் கிடைத்த கல்

1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளைமண் தோண்டிய ஒரு குழியில் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கற்கால மனிதரின் கருவி அது. அவர் சேகரித்த கருவிகள் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கிருக்கும் ஒரு கைக்கோடரியை உற்றுப் பாருங்கள். இரு பக்கமும் சில்லு பெயர்த்த தழும்புகள், ஒரு முனை கூர், மறுமுனை உள்ளங்கையில் பொருந்தும்படி உருண்டை. வேலை தெரிந்த கை.

ஆனால் அது நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் கை அல்ல. சென்னைக்கு வடமேற்கே, அத்திரம்பாக்கத்தில் கிடைத்த இதே வகைக் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. கல் வெளியில் கிடக்கும்வரை விண்வெளிக் கதிர்கள் பட்டு அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். மண்ணுக்குள் போனதும் அது நின்றுவிடும். இருக்கும் அணுக்களில் முதலாவது வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சிதையும். மிச்சத்தின் விகிதத்தைப் பார்த்தால், புதைந்து எவ்வளவு காலம் என்று தெரிந்துவிடும். நம் இனம் தோன்றியே 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது.

சரி, அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் எப்படி மறைந்திருப்பார்கள்? ஓர் இனம் அழிய பேரிடர்தான் வர வேண்டும் என்றில்லை. சாவைவிடப் பிறப்பு கொஞ்சம் குறைந்தாலே போதும், அது நீடித்தால். இருபது பேர் உள்ள கூட்டத்தில் ஒரு வறட்சி, ஒரு காய்ச்சல், வரிசையாகப் பிறந்த ஆண் குழந்தைகள், இவையே தலையெழுத்தை மாற்றிவிடும். சொந்தத்துக்குள்ளேயே இணைந்தால் மரபுக் குறைகளும் சேரும். கடைசியாக இருந்தவர்களுக்கு அது முடிவென்றே தெரிந்திருக்காது. அக்கரையில் இருந்தவர்கள் சில வருடமாக வரவில்லை, அவ்வளவுதான். இதை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகும்.

நாம் 800 கோடிக்கு மேல் இருக்கிறோம், அந்த ஆபத்து இப்போது நமக்கில்லை. ஆனால் மரபணு வேறுபாட்டில் சிம்பன்சிகளைவிட நாம் குறைவு. ஒருவருக்கொருவர் அவ்வளவு நெருக்கமான சொந்தம். போதாததற்கு விமானத்தில் ஒரே நாளில் கண்டம் தாண்டுகிறோம், கிருமியும் கூடவே தாண்டுகிறது.

குரங்கிலிருந்து மனிதன் வரை வரிசையாக நடந்து வரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தவறான படம். பரிணாமம் ஏணி அல்ல, புதர். 3 லட்சம் ஆண்டுக்கு முன் பல மனித இனங்கள் ஒரே காலத்தில் வாழ்ந்தன. மிஞ்சிய கிளை நாம். அவற்றில் ஓர் இனமான நியாண்டர்தால்கள் மறைந்து சுமார் 40,000 ஆண்டு ஆகிறது. ஆனாலும் பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நிற்கிறவரின் டி.என்.ஏ.வில், நூற்றில் ஒன்றிரண்டு பங்கு இன்னும் அவர்களுடையதுதான்.