மெடிக்கல் எய்ட் ‘கவர் இல்லை’ என்றதும் பில்லைக் கட்டிவிடாதீர்கள்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. சம்பளத்திலிருந்து மெடிக்கல் எய்டுக்கு, அதாவது மருத்துவச் செலவைக் கட்டும் ஸ்கீமுக்கு, மாதா மாதம் பணம் தவறாமல் போகும். ஆனால் மாத்திரைச் செலவு ஜனவரியில் சேவிங்ஸிலிருந்து (நம் சந்தாவிலிருந்தே ஸ்கீம் ஒதுக்கி வைக்கும் கணக்கு அது) கழியும், காவடி முடிந்து சில வாரங்களில் சேவிங்ஸ் தீர்ந்துவிடும், மீதி ஆண்டு முழுக்கக் கைக்காசுதான். ஆறு ஆண்டுகள் இப்படியே ஓடியது. போன் செய்து கேட்டபோதெல்லாம் “சேவிங்ஸ் முடிந்துவிட்டது மேடம்” என்ற ஒரே பதில். கிரானிக் படிவம், அதாவது நீண்டகால நோய்க்கான படிவம், என்று ஒன்று இருக்கிறது, டாக்டர் அதை நிரப்பி அனுப்பி அது ஏற்கப்பட்டால் அந்த மாத்திரைக்குச் சேவிங்ஸைத் தொடவே முடியாது என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. போன ஆண்டு நான் கூடவே உட்கார்ந்து அந்தப் படிவத்தை அனுப்ப வைத்தேன். இரண்டே வாரத்தில் ஒப்புதல் வந்தது. ஆறு ஆண்டு கொடுத்த காசு மட்டும் திரும்பி வரவில்லை.

இப்படி ஏமாந்தவர்களை ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் பார்த்துவிட்டேன். படித்தவர்களும் இதில் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் எல்லாம் 1998ஆம் ஆண்டின் 131ஆம் எண் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துக்குள் வருகின்றன. கண்காணிப்பது கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ். வயதாகிவிட்டது, நோய் இருக்கிறது என்று சொல்லி, யாரும் சேரக்கூடிய பொது ஸ்கீம் எதுவும் உங்களைச் சேர்க்க மறுக்க முடியாது. இது போதும், மற்றதெல்லாம் வேலைக்கு ஆகாத விவரம்.

நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்று எழுத்து: பி.எம்.பி. ‘பிரிஸ்கிரைப்ட் மினிமம் பெனிஃபிட்ஸ்’. எந்த ஸ்கீமில் எந்த மலிவான ஆப்ஷனில் இருந்தாலும் சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய குறைந்தபட்சம் இது. அவசர சிகிச்சை எல்லாம் இதில் வரும். சுமார் 270 நோய்களும் அவற்றுக்கான சிகிச்சைகளும் வரும். இருபத்தைந்துக்கு மேற்பட்ட நீண்டகால நோய்கள் வரும். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், ஆஸ்துமா, தைராய்டு குறைவு, வலிப்பு, கிளாக்கோமா எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றுக்கான செலவை ஸ்கீம் முழுதாகக் கட்ட வேண்டும், உங்கள் சேவிங்ஸிலிருந்து எடுக்கக்கூடாது. விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. “எனக்கு வெறும் ஹாஸ்பிடல் பிளான்தானே, மாத்திரை வராது” என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டியலில் உள்ள நோய் என்றால் ஹாஸ்பிடல் பிளானிலும் வரும்.

ஆனால் தானாக வராது. கிரானிக் நோய் என்று பதிவு செய்ய வேண்டும், படிவத்தை டாக்டர்தான் நிரப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவைக் கூடவே இணைத்து அனுப்புங்கள். இல்லையென்றால் “விவரம் போதவில்லை” என்று ஒரு மாதம் இழுப்பார்கள்.

அடுத்த பொறி டி.எஸ்.பி., ‘டெசிக்னேட்டட் சர்வீஸ் ப்ரொவைடர்’. ஸ்கீம் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை. அவர்களை விட்டுவிட்டு நீங்களாக விரும்பி வேறிடம் போனால், பி.எம்.பி. நோயாகவே இருந்தாலும் ஒரு பகுதியை உங்கள் தலையில் கட்டலாம். அதைத்தான் கோ-பேமென்ட் என்பார்கள். மாத்திரைக்கும் இதே கதைதான்: ஸ்கீமின் பட்டியலில் உள்ள மருந்தை விட்டு வேறு பிராண்ட் கேட்டால் வித்தியாசத்தை நீங்கள் கொடுக்க வேண்டும். பட்டியல் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், டாக்டர் அதை எழுதிக் கொடுத்த பிறகு மாற்று மருந்துக்கு அந்த அபராதம் கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை ‘நீங்களாக விரும்பி’ என்பதுதான். நெஞ்சு வலியில் ஆம்புலன்ஸ் அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உங்கள் விருப்பம் இல்லை. டி.எஸ்.பி. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றாலும், நியாயமில்லாத அளவுக்குக் காத்திருக்கச் சொன்னாலும், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடமே இல்லை என்றாலும், வேறிடம் போனதற்குக் கோ-பேமென்ட் கேட்க முடியாது. டி.எஸ்.பி. இடத்துக்குப் போன் செய்த தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் வழக்காடும்போது அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி.

மறுக்கப்பட்ட பில்லைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது ஐசிடி-10 கோடு. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோடு உண்டு. ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். ஸ்கீமின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத்தான் இது பி.எம்.பி.யா இல்லையா என்று முடிவு செய்கிறது. ரிசப்ஷனில் அவசரத்தில் பொதுவான ஒரு கோடைப் போட்டுவிட்டால், பி.எம்.பி. நோய்க்கான பில் நேராகச் சேவிங்ஸில் போய் விழும். டாக்டரின் அறைக்குப் போய் “கோடு சரியா என்று பாருங்கள், திருத்தித் திரும்ப அனுப்புங்கள்” என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை நடந்த மாதத்துக்கு அப்புறம் நான்காவது மாதத்தின் கடைசி நாளுக்குள் பில் ஸ்கீமுக்குப் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் ஆபரேஷன் என்றால் ஜூலை 31 கடைசி. டாக்டர் அனுப்பியிருப்பார் என்று இருந்துவிட்டு ஆகஸ்டில் விழித்துக்கொண்டவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

‘100 சதவீதம்’ என்ற வார்த்தை இன்னொரு புதைகுழி. பிரோக்கர் நீட்டும் தாளில் “ஸ்பெஷலிஸ்ட் 100%” என்று இருக்கும். டாக்டர் பில்லில் 100 சதவீதம் என்று நாம் நினைப்போம். உண்மையில் அது ஸ்கீம் தானே வைத்துக்கொண்ட ரேட்டில் 100 சதவீதம். டாக்டர்கள் இவ்வளவுதான் வாங்கலாம் என்று கட்டுப்படுத்தும் ரேட் இந்த நாட்டில் இல்லை. அரசு வெளியிட்ட வழிகாட்டி விலைப்பட்டியலையும் 2010இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே மயக்க மருந்து டாக்டர் ஸ்கீம் ரேட்டைப் போல மூன்று மடங்கு பில் போட்டால், பி.எம்.பி. இல்லாத ஆபரேஷனில் மீதி இரண்டு மடங்கு உங்களுடையது. ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் எழுத்தில் தொகை கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆபரேஷனுக்கு ஸ்கீம் முன்கூட்டியே தரும் ஒப்புதல் எண், அந்த ஆதரைசேஷன் நம்பர், கிடைத்துவிட்டது என்றும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். முழுப் பணமும் கட்டுவோம் என்ற உறுதிமொழி அந்த நம்பரில் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்க விற்பதுதான் கேப் கவர். அது மெடிக்கல் எய்ட் இல்லை, தனி இன்ஷூரன்ஸ். மெடிக்கல் எய்ட் இருந்தால்தான் அதற்குப் பயன். இதையும் ‘ஹாஸ்பிடல் கேஷ் பிளான்’ என்பதையும் மெடிக்கல் எய்டின் ‘ஹாஸ்பிடல் பிளான்’ என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், விற்பவர்களும் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. கேஷ் பிளான் ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்கு ஒரு தொகை தரும், அவ்வளவுதான். பில் என்ன வந்தாலும் அதற்கு அக்கறை இல்லை, பி.எம்.பி. உரிமையும் அதில் கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “இது மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி பதிவான ஸ்கீமா, எழுத்தில் தர முடியுமா?”

இனி, மிகப் பெரிய இழப்பு எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். வேலை மாறும்போது. பழைய மெடிக்கல் எய்ட் முடிந்து 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் நீங்கள் புது ஆள்தான். மூன்று மாதம் பொதுக் காத்திருப்பு, அதற்கு மேல் முந்தைய 12 மாதத்தில் டாக்டரிடம் காட்டிய எந்த நோய்க்கும் 12 மாதம் வரை விலக்கு. இந்தக் காலத்தில் பி.எம்.பி.யைக்கூட மறுக்கலாம். கர்ப்பமும் அந்த விலக்கில் வரும். தெரிந்த ஒரு பையன் பழைய கவர் முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் புது வேலையின் மெடிக்கல் எய்டில் சேர்ந்தான். அப்போது மனைவி மூன்று மாதக் கர்ப்பம். தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவச் செலவு முழுக்க அவன் பாக்கெட்டிலிருந்து. 90 நாளுக்குள் சேர்ந்திருந்தால், அதற்கு முன் 24 மாதத்துக்கு மேல் கவர் இருந்தவர்களுக்கு அதிகபட்சம் மூன்று மாதப் பொதுக் காத்திருப்புதான், அதிலும் பி.எம்.பி. உண்டு. தம்பி, வேலையை விடும் நாளிலேயே பழைய ஸ்கீமிடம் மெம்பர்ஷிப் சான்றிதழ் வாங்கிவிடு என்று நான் சொல்லாத இளைஞர் இல்லை.

ஃபாரத்தில் நோயை மறைத்து எழுதச் சொல்லும் பிரோக்கரை நம்பாதீர்கள். பில் பெரிதாக வரும் நாளில் பழைய ஃபைலைத் தோண்டுவார்கள், மெம்பர்ஷிப்பையே ரத்து செய்வார்கள். பிரோக்கர் அன்றைக்குப் போன் எடுக்க மாட்டார்.

35 வயதுக்கு மேல் முதன்முறை சேருபவர்களுக்குத் தாமத அபராதம் வேறு. வயதிலிருந்து 35ஐயும் முன்பு கவர் இருந்த ஆண்டுகளையும் கழியுங்கள். மீதி 1 முதல் 4 ஆண்டு என்றால் மாதச் சந்தாவில் 5 சதவீதம் கூடுதல்; 14 வரை 25; 24 வரை 50; 25ம் அதற்கு மேலும் என்றால் 75. ஒருபோதும் கவர் இல்லாத 58 வயது அம்மாவுக்கு 23 ஆண்டு, ஆகவே பாதிச் சந்தா கூடுதல், அதுவும் ஆயுள் முழுக்க. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவர் கணவர் சர்க்கரை ஆலையில் இருபது ஆண்டு வேலை பார்த்தபோது கார்டில் மனைவி பெயரும் இருந்திருக்கும். 21 வயதுக்குப் பிறகு டிபெண்டன்ட்டாக, அதாவது மெம்பரைச் சார்ந்தவராக, இருந்த காலமும் கணக்கில் சேரும். 58இலிருந்து 35, 20 போனால் மூன்று; 50 சதவீதம் 5 சதவீதமாகிவிடும். பழைய தாள் கிடைக்கவில்லை, தேடியும் பார்த்துவிட்டோம் என்றால் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க விதிமுறை இடம் தருகிறது. ஏற்கெனவே அபராதம் கட்டிக்கொண்டிருப்பவர்களும் சான்று கொடுத்துத் திரும்பக் கணக்கிடச் சொல்லலாம்.

கணவர் இறந்ததும் “மெயின் மெம்பர் போய்விட்டார், நீங்கள் புதிதாக அப்ளை செய்யுங்கள்” என்று ஒரு விதவையிடம் சொல்லியிருக்கிறார்கள். தவறு. சந்தாவைத் தொடர்ந்து கட்டினால் டிபெண்டன்ட்கள் புதிய காத்திருப்பு எதுவும் இல்லாமல் அதே ஸ்கீமில் தொடரலாம். துக்க வீட்டில் இதை யாராவது பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சந்தா ஒரு மாதம்கூட விட்டுப்போகக் கூடாது.

2024 மே 15 அன்று ஜனாதிபதி என்.எச்.ஐ. எனும் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கேட்டுவிட்டு மெடிக்கல் எய்டை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து வேறு, நடைமுறை வேறு. அதை நம்பி எதையும் நிறுத்தாதீர்கள்.

சரி, மறுத்துவிட்டார்கள், என்ன செய்வது? போனில் வாதாட வேண்டாம். முதலில் ஸ்கீமுக்கே மின்னஞ்சல்: மெம்பர் எண், சிகிச்சைத் தேதி, ஐசிடி-10 கோடு, “இது பி.எம்.பி., எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்” என்ற ஒரு வரி. 30 நாளில் ஒழுங்கான பதில் இல்லை என்றால் கவுன்சிலுக்குப் புகார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் ‘அவசரம்’ என்று முதல் வரியிலேயே எழுதி, டாக்டரின் கடிதத்தை இணையுங்கள்.