பாமாலை எப்போது துதிப்பாடல் ஆனது?

நாகர்கோவில் பக்கத்துச் சபை ஒன்றின் விழா மலர் கைக்கு வந்தது. சபையின் பெயர் வேண்டாம். ஆங்கிலக் கட்டுரையில் 'ஹிம்ஸ் அண்ட் லிரிக்ஸ்' (மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலைகளும் தமிழ் ராகத்தில் பாடுகிற கீர்த்தனைகளும்) என்று இருந்ததை எதிர்ப்பக்கத் தமிழில் 'துதிப்பாடல்களும் பாடல் வரிகளும்' என்று ஆக்கியிருக்கிறார்கள். துதிப்பாடல் கொஞ்ச காலமாகவே காதில் விழுகிற சொல்தான். வரிகள் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஞாயிறுதோறும் கையில் பிடித்துப் பாடுகிற புத்தகத்தின் அட்டையிலேயே பாமாலைகள், கீர்த்தனைகள் என்று அச்சடித்திருக்கிறதே, அதைக்கூடவா பார்க்கவில்லை?

ஹிம் என்பது கிரேக்க 'ஹும்னோஸ்'. தேவர்களையும் வீரர்களையும் புகழும் பாட்டு. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லிரிக், லைரா என்ற நரம்புக் கருவியோடு பாடியது. வேர்க்கதை இவ்வளவுதான்.

இதை வைத்துத் துதிப்பாடல்காரர்கள் வாதாடுவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கடவுளைப் புகழ வேண்டும், அதைப் பாட வேண்டும், அப்போதுதான் ஹிம் என்றார் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன். கத்தோலிக்கரும் பயன்படுத்தும் பைபிள் பொதுமொழிபெயர்ப்பு எபேசியர் 5:19இல் 'புகழ்ப்பா' என்கிறது. சரி, வேர்ப்பொருள் துதிதான். ஆனால் வேரை மட்டும் மொழிபெயர்த்தால் மரம் வந்துவிடுமா? புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

'நான் பாவிதான், ஆனாலும் நீர்' என்று அழுகிறோமே, அதில் துதி எங்கே? அது பாவ அறிக்கை. ஆங்கில மூலத்தை எழுதிய சார்லட் எலியட் நெடுங்காலம் நோயாளியாகவே இருந்தவர். 'என்னோடிரும், மா நேச கர்த்தரே' என்பதை எத்தனை அடக்க ஆராதனையில் தொண்டை அடைக்கப் பாடியிருக்கிறோம்! வெளிச்சம் மங்கும்போது கூட இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிற பாட்டு அது. 'பாவ சஞ்சலத்தை நீக்க' பாட்டின் மூலத்தை எழுதிய ஜோசப் ஸ்கிரிவனை எத்தனை பேருக்குத் தெரியும்? அயர்லாந்துக்காரர். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மணப்பெண் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள். பிறகு கனடாவுக்குப் போனவர், ஊரில் இருந்த தாய்க்கு ஆறுதலாக 1855இல் எழுதியது அந்தப் பாட்டு. முதலில் அவர் பெயர்கூட இல்லாமல்தான் அச்சில் வந்தது. மகன் தாய்க்கு எழுதிய ஆறுதலைத் துதிப்பாடல் என்று சீட்டு ஒட்டினால் எழுதியவரையும் தெரியாது, எழுதிய காரணமும் போய்விடும்.

பாமாலை என்ற சொல்லுக்கும் ஓர் ஆட்சேபம் உண்டு. மாலை என்றால் பல பூ சேர்ந்தது. தனிப்பாட்டு எப்படி மாலையாகும்? ஆகும். ஒரே அளவில் நாலைந்து சரணங்கள் கோத்ததுதானே அது. இரட்டைமணிமாலை, நான்மணிமாலை என்று பாட்டுகளைக் கோத்துப் பெயர் வைத்த மொழிக்கு இது புதிதில்லை. அளவு என்று சும்மா சொல்லவில்லை, எண்ணிப் பாருங்கள்: பா-வ-சஞ்-ச-லத்-தை-நீக்-க, எட்டு. பிரா-ண-நண்-பர்-தான்-உண்-டே, ஏழு. ஆங்கில மூலமும் எட்டும் ஏழும்தான். மெட்டு பிசகாமல் அசைக்கு அசை வைத்திருக்கிறார் தமிழாக்கியவர். பாட்டுப் புத்தகத்தில் 8.7.8.7 என்று போடுவது இந்தக் கணக்கைத்தான். அளவு ஒத்தால் ஒரு பாட்டின் ராகத்தில் இன்னொன்றைப் பாடலாம். கொயரில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

கீர்த்தனை அப்படியல்ல. பல்லவி, அனுபல்லவி, சரணம். தலையில் ராகமும் தாளமும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாடியது இந்த வகை. 1806இல் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே ஊழியம் தொடங்கிய நம்ம மயிலாடிதான், கிறிஸ்தாயனம் என்ற காப்பியம் பாடிய ஜான் பால்மரின் ஊரும். கீர்த்தனையும் எழுதியவர் அவர். இந்தியச் சபைகளின் ஆங்கிலத்தில் லிரிக் என்றாலே கீர்த்தனைதான். அதைப் போய் 'வரிகள்' என்றால் பால்மர் சினிமாவுக்குப் பாட்டெழுதியவர் போல ஆகிவிடுகிறது! அகராதியைத் திறந்து முதல் அர்த்தத்தை எடுத்துப் போடுகிறவர்களால் வருகிற வினை. இப்போது அகராதியையும் திறப்பதில்லை, போனில் ஒட்டினால் தமிழ் வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அதே எபேசியர் வசனம் 'சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்' என்று வருகிறது. அங்கே ஹும்னோஸுக்குக் கீர்த்தனை. சபை வழக்கில் கீர்த்தனை தமிழ் ராகத்துக்குப் போய்விட்டது. மேல்நாட்டு மெட்டுப் பாட்டுக்கு ஞானப்பாட்டு என்று பெயர் விழுந்தது. சென்னை வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி ஃபெப்ரீஷியஸ் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிய வழி அது. லுத்தரன்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும், அதில் குழப்பம் இல்லை. சிலர் தூய தமிழ் என்று 'திருப்பாடல்' போடுகிறார்கள். அது பொதுமொழிபெயர்ப்பில், பைபிளில் உள்ள சங்கீதப் புத்தகத்தின் பெயர். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்றால் வாசிக்கிறவர் என்ன செய்வார்? தூய்மை பார்த்தால் துதியே வடசொல்தான், அப்புறம் அதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

ஹிம்முக்குப் பாமாலை, லிரிக்குக்குக் கீர்த்தனை. எழுதினவரைப் பாமாலை ஆசிரியர் என்றும் கீர்த்தனை ஆசிரியர் என்றும் போடலாம். துதிப்பாடலுக்கும் இடம் இருக்கிறது: ஆராதனை தொடக்கத்தில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக் கைதட்டிப் பாடுகிறோமே, அந்தப் பாட்டுகளுக்கு அது சரியான பெயர்.