பூங்கரை வெச்ச குட்டைப்பாவாடை

ஒரு உடையோட விவரக்குறிப்புல "எம்பிராய்டரி டிரிம் உள்ள காட்டன் மினி ஸ்கர்ட்"னு இருந்ததை யாரோ "பின்னல் வெட்டு பருத்தி சிறு பாவாடை"ன்னு தமிழ்ப்படுத்தி வெச்சிருந்தாங்க. படிச்சதுமே மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பின்னல்னா ஜடை பின்ற மாதிரி இழையை இழைக்குள்ள விட்டுக் கோக்கிறது, வெட்டுன்னா கத்தரிக்கோல் வேலை, ஆக அந்த உடையில பார்த்ததும் கண்ணுல படுற ஓரத்துப் பூவேலை தமிழுக்கு வர்றப்போ காணாமலே போயிடுச்சு. பருத்தி மட்டும்தான் சரியா வந்திருக்கு. மீதி ஒவ்வொரு சொல்லா எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு பார்ப்போம்.

முதல்ல ஸ்கர்ட். இது ஸ்காண்டிநேவியா பக்கம் முன்னாடி பேசின பழைய நார்ஸ் மொழியோட ஸ்கிர்ட்டாங்கிற சொல்லுலேர்ந்து இங்கிலீஷுக்குள்ள வந்தது, ஆனா அங்க அதுக்கு அர்த்தம் பாவாடை இல்லை, சட்டை! அதே வேர்லேர்ந்து இங்கிலீஷ்லயே நேரா வளர்ந்த சொல்லுதான் ஷர்ட், குட்டைங்கிற அர்த்தத்துல வர்ற ஷார்ட்டும் அதே குடும்பம்தான். எல்லாத்துக்கும் அடியில இருக்கிற கருத்து வெட்டுறது, துண்டாக்குறது. அப்போ மினி ஸ்கர்ட்டுன்னு சொல்றவங்க வேரைப் பார்த்தா குட்டைங்கிறதை ரெண்டு தடவை சொல்றாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் என்னன்னா நம்ம மொழியும் துணிக்கு இதே வழியிலதான் பேர் வெச்சிருக்கு. துணித்தல்னா வெட்டுறது, அப்படித் துணிச்செடுத்தது துணி. அறுத்தது அறுவை, சங்கப் புலவர் ஒருத்தருக்கு மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்னு பேர், அதாவது துணி வியாபாரி. கூறு போட்டது கூறை. தறியிலேர்ந்து ஒரே நீளமா இறங்குறதை அளவுக்கு வெட்டி எடுத்தாதான் உடுத்த முடியும்ங்கிறதை ரெண்டு பக்கத்து ஆட்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க.

ஆனா பாவாடைங்கிற சொல்லு மட்டும் இந்த வெட்டுற கணக்குல வராது. பாவு, ஆடை ரெண்டும் சேர்ந்தது அது. பாவுறதுன்னா பரவுறது, விரியிறது. தறியில நீளவாக்குல விரிச்சுப் போடுற இழைக்கும் பாவுன்னுதான் பேர், குறுக்கே ஓடுறது ஊடை. பெரிய மனுஷங்க நடந்து வர்றதுக்குத் தரையில விரிக்கிற துணிக்கும் பாவாடைன்னு ஒரு பொருள் உண்டு, நடைபாவாடைன்னு சொல்வாங்க. இடுப்புலேர்ந்து கீழே விரிஞ்சு விழுற உடைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமான்னு தெரியலை. பாவாடைன்னா கணுக்கால் வரைக்கும் இருக்கணும், இல்லைன்னா அது உள்பாவாடைன்னு நினைச்சுக்கிட்டுத்தான் பலபேர் மினி ஸ்கர்ட்டுக்கு இந்தச் சொல்லைப் போடத் தயங்குறாங்க. விரியிறதுதான் சொல்லுக்குள்ள இருக்கு, நீளம் இல்லவே இல்லை, அதனால தயக்கமே வேண்டாம்.

அடுத்து மினி. மினியேச்சரோட சுருக்கம் இது. மினியேச்சர் எங்கிருந்து வந்துச்சுன்னா லத்தீன்ல மினியம்னு ஈயத்துலேர்ந்து எடுக்கிற ஒரு சிவப்புப் பொடிக்குப் பேர். கையெழுத்துச் சுவடிகள்ல அந்தச் சிவப்பைத் தொட்டு எழுத்தையும் ஓரத்துப் படங்களையும் தீட்டுவாங்க, அந்த வேலைக்கு இத்தாலிய மொழியில மினியதூரா. சுவடிக்குள்ள வர்ற படம் சின்னதாத்தான் இருக்கும், போதாக்குறைக்கு லத்தீன்ல சின்னதைக் குறிக்கிற சொல்லுங்களும் மின்னுன்னே ஆரம்பிக்கும், ரெண்டும் கலந்து கடைசியில சிவப்பு போயி சின்னது மட்டும் நின்னுடுச்சு.

உடைக்கு இந்தப் பேர் வந்தது 1960கள்ல. உடை வடிவமைப்பாளர் மேரி குவாண்ட் லண்டன்ல கிங்ஸ் ரோட்டுல 1955ல பஜார்னு ஒரு கடை திறந்தாங்க, முட்டிக்கு மேல ஏறின பாவாடைகளை அங்கே விக்க ஆரம்பிச்சு, தனக்குப் பிடிச்ச மினி காரோட பேரையே அதுக்கு வெச்சாங்க. அந்தக் கார் 1959ல வந்தது, வடிவமைச்சவர் அலெக் இஸிகோனிஸ். அதே சமயத்துல பாரிஸ்ல ஆந்த்ரே கூரெஜ்ங்கிற வடிவமைப்பாளரும் குட்டையான பாவாடைகளைக் காட்டினாரு, அதனால யார் முதல்ல பண்ணினதுங்கிற சண்டை இன்னும் ஓயலை. கிங்ஸ் ரோட்டுப் பொண்ணுங்கதான் இதைக் கண்டுபிடிச்சாங்கன்னு குவாண்டே சொன்னாங்க, எனக்கு அதுதான் நியாயமாப் படுது.

மினிக்குத் தமிழ் குட்டை. சிறு பாவாடைன்னு எழுதினா சின்னக் குழந்தையோடதுன்னு ஆயிடும், அளவு வேற நீளம் வேற. குறும்பாவாடைன்னும் சொல்லலாம், ஆனா வாயில தானா வர்றது குட்டைப்பாவாடைதான். வட்டுடைன்னு ஒரு பழைய சொல்லு இருக்கு, அதைச் சிலர் பரிந்துரைக்கிறதுண்டு, ஆனா அது வீரர்கள் முழங்கால் அளவுக்குக் கட்டுற உடை, இங்க ஒட்டாது.

இப்போ நிஜமான சிக்கல், டிரிம். பழைய இங்கிலீஷ்ல ட்ரும்னா உறுதியானது, ட்ரிம்மன்னா உறுதியாக்குறது, ஒழுங்குபடுத்துறது. ஒழுங்குபடுத்துறதுக்கு ஒரு இடத்துல நறுக்கணும், இன்னொரு இடத்துல ஏதாவது சேர்த்து அலங்கரிக்கணும், அதனால ஒரே சொல்லுக்கு வெட்டுறது, சேர்க்கிறதுன்னு எதிரும்புதிருமா ரெண்டு அர்த்தம் ஆயிடுச்சு. தாடியை டிரிம் பண்ணினா குறையும், பாவாடைக்கு டிரிம் வெச்சா கூடும். மொழிபெயர்த்தவர் தாடி அர்த்தத்தைக் கொண்டுவந்து பாவாடையில வெச்சுட்டாரு, அவ்வளவுதான் விஷயம். உடைக்கு வர்ற டிரிம் நம்ம ஊடு பாவு தெரிஞ்ச எல்லாருக்கும் பழகின கரைதான். வேட்டிக்குக் கரை, புடவைக்குக் கரை, ஆத்துக்கும் கரை.

எம்பிராய்டரியோ பழைய பிரெஞ்சு வழியா வந்தது, அதோட ஜெர்மானிய வேர்ல குத்துறதுங்கிற கருத்து இருக்கு, ஊசி துணியைக் குத்தி ஏறி இறங்குற வேலைன்னு. தமிழ்ல பூவேலை, பூத்தையல். இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லியே ஆகணும். கையால பண்ணின பூவேலையை மிஷினுக்குக் கொண்டுபோனதுல முக்கியமானது 1863ல சுவிட்சர்லாந்துக்காரர் ஐசாக் குரோப்லி செஞ்ச ஷிஃப்லி மிஷின். ஷிஃப்லின்னா அவங்க பேச்சுல குட்டிப் படகு, நூல் வெச்சு ஓடுற நாடாங்கிற கருவி படகு மாதிரி இருக்கும்ங்கிறதால அந்தப் பேர். நம்ம அகராதியில ஓடம்னு தேடிப் பாருங்க, தோணின்னு போட்டு அடுத்த பொருளா நெசவு நாடான்னு இருக்கும். எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரலை.

சரி, பூவேலை செஞ்ச கரையை ஒரே சொல்லுல எப்படிச் சொல்றது? புதுசா எதையும் உருவாக்க வேண்டியதே இல்லை. கலித்தொகையில முல்லைக்கலியில ஒரு ஆயர்பொண்ணு வர்றா, காதலன் குடுத்த பூவைக் கூந்தலுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா, அம்மா தலைமுடியை அவிழ்க்கவும் அது வீட்டு ஆளுங்க முன்னாடியே கீழே விழுந்துடுது. அவ கூந்தலை முடிஞ்சுக்கிட்டு, தரையில புரள்ற தன்னோட உடையை வாரிப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கிற காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிறா. அந்த உடைக்குப் பாட்டுல இருக்கிற பேர் "பூங்கரை நீலம்". பூவேலை செஞ்ச கரை உள்ள நீலத்துணி. அவளோடது தரையில புரண்டுச்சு, இது முட்டிக்கு மேல நிக்குது, ஆனா கரை அதே கரைதான். அதனால பூங்கரை வெச்ச பருத்திக் குட்டைப்பாவாடைன்னு எழுதுங்க, சுருக்கமா வேணும்னா பூங்கரைக் குட்டைப்பாவாடை.

ஒண்ணு மட்டும் பிரிச்சுக்கணும். பாவாடைத் துணியிலயே சங்கிலித் தையல், காம்புத் தையல்னு போட்டிருந்தா அது பூங்கரை. பூவேலை செஞ்ச நாடாவைத் தனியா வாங்கி ஓரத்துல வெச்சுத் தைச்சிருந்தா, எல்லாரும் பொதுவா லேஸுன்னு சொல்றது, அதைப் பூநாடான்னு சொல்லலாம். பேர் வேறயா இருக்கிறது தேவையும்கூட, ஏன்னா பருத்தி முதல் தடவை நனைஞ்சதும் சுருங்கும், பாலியஸ்டர் நாடா சுருங்காது. நான் ஒரு தடவை துணியை நனைக்காம நாடாவை வெச்சுத் தைச்சுட்டேன், துவைச்சுக் காயப்போட்டப்போ ஓரம் முழுக்க அலை அலையா எழும்பி நின்னுச்சு, தையலைப் பிரிச்சு, நாடாவுல கிட்டத்தட்ட ரெண்டு விரல் அளவு வெட்டிட்டு மறுபடி வெச்சேன். விவரத்துல பூநாடான்னு இருந்தா வாங்குறவங்க அதைப் பார்த்துட்டு நாடா என்ன நூல்னு கேட்பாங்க, பூங்கரைன்னு இருந்தா உள்பக்கம் திருப்பி முடிச்சு எப்படிப் போட்டிருக்குன்னு பார்ப்பாங்க.