ஒரே கோப்பை, நான்கு சமமற்ற பாதைகள்: கேலிக் கால்பந்துத் தொடரின் கணக்கு

2025 ஜூலையில் டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் நடந்த அயர்லாந்தின் மரபு விளையாட்டான கேலிக் கால்பந்தின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் கெரி அணி டொனிகாலை வீழ்த்தித் தன் 39-ஆவது பட்டத்தைப் பெற்றது. அன்று கெரிதான் சிறந்த அணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த இரு அணிகளும் அவ்வாண்டு தத்தம் மாகாணப் பட்டத்தை வென்ற விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தத் தொடரைப் பற்றி அயர்லாந்தில் ஓயாமல் நடக்கும் விவாதத்தின் வேர் புலப்படும். மன்ஸ்டர் மாகாணத்தில் கெரி கார்க்கையும் கிளேரையும் வென்றது. இரண்டே ஆட்டங்களில் பட்டம் கைக்கு வந்தது. அல்ஸ்டரில் டொனிகால் டெரி, மொனகன், டவுன், அர்மா என நான்கு அணிகளை வரிசையாக வெல்ல வேண்டியிருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு தொடரின் அமைப்பிலேயே உள்ளது. மாவட்டம் போன்ற பகுதியான ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் அணி. வீரர்கள் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களை விலைக்கு வாங்கவோ விற்கவோ முடியாது. கவுண்டிகள் நான்கு மாகாணங்களில் அடங்கும், ஆனால் சமமாக அல்ல. லென்ஸ்டரில் 11 அணிகளும் அல்ஸ்டரில் 9 அணிகளும் மோதுகின்றன. கொனாக்டில் ஐந்து கவுண்டிகளோடு, புலம்பெயர்ந்த அயர்லாந்து மக்களின் லண்டன், நியூயார்க் அணிகளும் சேர்ந்து ஏழு அணிகள். மன்ஸ்டரில் வெறும் ஆறு. மக்கள்தொகையிலும் இதே நிலைதான்: டப்ளினில் 14 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர், லீட்ரிமிலோ சுமார் 35,000 பேர். மாகாண எல்லைகள் விளையாட்டுக்காக வரையப்பட்டவை அல்ல. கேலிக் விளையாட்டுச் சங்கம் தோன்றிய 1884-க்கு நெடுங்காலம் முன்பே இருந்தவை.

ஆட்ட எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எளிய பெருக்கல் காட்டிவிடும். ஓர் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் 80 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்பு 64 விழுக்காடு. நான்கு ஆட்டங்கள் என்றால் அது 41 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. திறமை மாறவில்லை, எந்த மாகாணத்தில் பிறந்தோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. அல்ஸ்டரின் எதிரணிகள் மன்ஸ்டரின் எதிரணிகளைவிடப் பொதுவாக வலுவானவை என்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். மன்ஸ்டரில் 1936 முதல் 2019 வரை கெரியும் கார்க்கும் அல்லாத அணி பட்டம் வென்றது ஒரே ஒருமுறைதான்; 1992-இல் கிளேர் வென்றது.

கேலிக் கால்பந்தின் இயல்பையும் இங்கே கவனிக்க வேண்டும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்தை அனுப்பினால் ஒரு புள்ளி (2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அனுப்பினால் இரண்டு), வலைக்குள் அனுப்பினால் மூன்று புள்ளிகள் என்பதால், ஓர் ஆட்டத்தில் இரு தரப்பும் சேர்ந்து முப்பது முறைகூடப் புள்ளி எடுப்பது வழக்கம். சாதாரணக் கால்பந்தில் இரண்டு மூன்று கோல்களே முடிவைத் தீர்மானிப்பதால், தற்செயலான ஒரு கோல் வலிமையான அணியை வெளியேற்றிவிடக் கூடும். புள்ளிகள் பெருகும் ஆட்டத்தில் தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. வலிமை வேறுபாடு தெளிவாக வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே வலுவான அணிக்குக் கூடுதல் பாதுகாப்புத் தேவையில்லாத விளையாட்டு இது என்பது என் கருத்து. ஆனால் நடந்த சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை அந்தப் பாதுகாப்பையே கூட்டின.

2000 வரை ஒரு தோல்வியே ஓர் அணியை வெளியேற்றியது. 2001-இல், மாகாணத் தொடரில் தோற்ற அணிகளுக்கும் தகுதிச் சுற்றுகள் வழியே மறுவாய்ப்பு கிடைத்தது. சிறிய கவுண்டிகளின் வீரர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து ஒரே நாளில் வீடு திரும்பும் நிலையை மாற்றுவது இதன் நியாயமான நோக்கம். விளைவு வேறு திசையில் சென்றது. முதல் ஆண்டிலேயே, ரோஸ்காமனிடம் தோற்றிருந்த கால்வே மறுவாய்ப்பில் மீண்டு அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. 2005-இலும் 2008-இலும் டைரோன், 2006-இலும் 2009-இலும் கெரி, 2010-இல் கார்க் ஆகியவையும் அவ்வழியிலேயே வந்தன. முதல் பத்து ஆண்டுகளில் ஆறு பட்டங்கள், முன்னரே ஓர் ஆட்டத்தில் தோற்ற அணிகளுக்குச் சென்றன.

கணக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்கும். 80 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள அணி ஓர் ஆட்டத்தில் தோற்கும் வாய்ப்பு 20 விழுக்காடு. இருமுறை மோதி இரண்டிலும் தோற்கும் வாய்ப்பு 4 விழுக்காடு. மறுவாய்ப்பு எல்லோருக்கும் சமமாகத் தரப்படுகிறது, ஆனால் அதை வெற்றியாக மாற்றும் ஆற்றல் வலியவரிடமே இருக்கிறது. கொரோனாத் தொற்றினால் 2020-இல் பழைய முறை தற்காலிகமாகத் திரும்பியபோது இதன் மறுபக்கத்தைக் கண்டோம். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கார்க் அடித்த கோலால் கெரி ஒரே ஆட்டத்தோடு வெளியேறியது. பின்னர் அந்தக் கார்க்கைத் தோற்கடித்து, 1935-க்குப் பிறகு முதன்முறையாக டிப்பரேரி மன்ஸ்டர் பட்டம் வென்றது. அல்ஸ்டரில் கேவன் 1997-க்குப் பின் முதல் பட்டம் பெற்றது. அந்த ஆண்டின் நான்கு மாகாண வெற்றியாளர்களும் சரியாக நூறாண்டுகளுக்கு முன் 1920-இல் வென்ற அதே நான்கு கவுண்டிகள் என்பது வியப்பூட்டும் தற்செயல். டிப்பரேரியும் கேவனும் அகில அயர்லாந்து அரையிறுதியில் பெரிய வித்தியாசத்தில் தோற்றன. அதைக் காட்டி, ஒருமுறை தோற்றாலே வெளியேறும் நாக்-அவுட் முறை தகுதியற்றவர்களை மேலே கொண்டுவருகிறது என்பர் சிலர். டிப்பரேரி மக்கள் 85 ஆண்டுகள் காத்திருந்த மகிழ்ச்சியை அந்த அளவுகோலால் அளக்க என்னால் இயலவில்லை.

2018, 2019-இல் காலிறுதியே குழுச் சுற்றாக மாறியது. ஒவ்வோர் அணிக்கும் சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று, நடுநிலை மைதானத்தில் ஒன்று என்பது விதி. நடுநிலை மைதானமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது குரோக் பார்க். டப்ளின் வழக்கமாக ஆடும் மைதானமும் அதுவே. டொனிகால் இதை வெளிப்படையாக எதிர்த்தது சரியே.

2023 முதல் 2025 வரை இருந்த முறையில் 16 அணிகள் நான்கு குழுக்களில் ஆடின. ஒவ்வொரு குழுவிலும் மூன்று அணிகள் முன்னேறின. அதாவது 24 ஆட்டங்கள் நடந்து நான்கு அணிகளே வெளியேறின. நாக்-அவுட் முறையில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றும் என்பதோடு ஒப்பிட்டால், பல ஆட்டங்களில் பணயம் எவ்வளவு குறைந்திருந்தது என்பது விளங்கும். அதைவிடப் பெரிய குறை, அந்த 16 பேரைத் தேர்ந்தெடுத்த விதம். மாகாண இறுதிக்கு வந்த எட்டு அணிகளுக்கும் இடம் உறுதி; முந்தைய ஆண்டில் இரண்டாம் நிலைத் தொடரான டால்ட்டென் கோப்பையை வென்ற அணி போக, மிஞ்சிய இடங்கள், நான்கு பிரிவுகளாக நடக்கும் தனித் தொடரான லீக்கின் தரவரிசைப்படி நிரப்பப்பட்டன. 2023-இல் ஸ்லைகோ லண்டனையும் நியூயார்க்கையும் வென்று கொனாக்ட் இறுதியை அடைந்து முதல் நிலைக்குச் சென்றது. லீக்கில் அதைவிட இரண்டு பிரிவு மேலே ஆடிய மீத் டால்ட்டென் கோப்பைக்கு அனுப்பப்பட்டு, அதை வென்றும் காட்டியது. ஸ்லைகோ செய்ததில் தவறேதும் இல்லை. தன் முன்னே இருந்தவர்களை வென்றது. முன்னே யார் இருந்தார்கள் என்பதை வரைபடம் முடிவுசெய்தது.

வரைபடத்தின் பிடியிலிருந்து விடுபட ஒரு முயற்சி நடந்தது. 2021 அக்டோபரில் சங்கத்தின் சிறப்பு மாநாட்டில், மாகாணத் தொடர்களை வசந்த காலத்தில் தனியாக நடத்தி, கோடையில் லீக் அடிப்படையில் முதன்மைத் தொடரை நடத்தலாம் என்ற முன்மொழிவு வந்தது. பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர் ஆதரித்தனர். தேவைப்பட்டது 60 விழுக்காடு என்பதால் அது தோற்றது. அதிலும் ஒரு பிழை இருந்தது: முதல் பிரிவில் ஆறாவதாக வரும் அணி வெளியேற, இரண்டாம் பிரிவில் மூன்றாவதாக வரும் அணி முன்னேறும். உயர்ந்த பிரிவில் இருப்பதே தண்டனையாகும் எந்த விதியும், கீழே இருப்பதை விரும்பும்படி அணிகளைத் தூண்டும். ஆனால் அது திருத்தக்கூடிய பிழை. அதற்காக முழுத் திட்டமும் கைவிடப்பட்டது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

2026-க்கு ஏற்கப்பட்ட முறை குழுக்களை நீக்கிவிட்டது. 16 அணிகள் முதல் சுற்றில் மோதும். வென்றவர்கள் தமக்குள்ளும் தோற்றவர்கள் தமக்குள்ளும் மீண்டும் மோதுவர். இருமுறை வென்ற நால்வர் நேரே காலிறுதிக்குச் செல்வர். இருமுறை தோற்ற நால்வர் வெளியேறுவர். ஒன்றில் வென்று ஒன்றில் தோற்ற எட்டுப் பேர் மிஞ்சிய நான்கு இடங்களுக்காக ஆடுவர். முன்பு 16 அணிகளை எட்டாகக் குறைக்க 28 ஆட்டங்கள் தேவைப்பட்டன. இப்போது 20 போதும். தோல்விக்கு விலை திரும்பியிருக்கிறது, இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் முதல் சுற்றில் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமை மாகாண இறுதிக்கு வந்த எட்டு அணிகளுக்கே உரியது. மன்ஸ்டரில் ஆறில் இரண்டு அணிகள் அந்த உரிமையைப் பெறும். அல்ஸ்டரில் ஒன்பதில் இரண்டு, லென்ஸ்டரில் பதினொன்றில் இரண்டு. மாகாணப் பட்டங்களின் பெருமையைக் குறைக்காமலே இதைச் சரிசெய்யலாம்: பட்டம் வென்ற நால்வருக்கு மட்டும் சொந்த மைதானத்தை அளித்து, மற்ற நான்கு உரிமைகளை லீக் வரிசைப்படி பகிர்ந்தால், இறுதியில் தோற்ற அணி எந்த மாகாணத்தைச் சேர்ந்தது என்பது அதன் அடுத்த ஆட்டம் எங்கே நடக்கும் என்பதை முடிவுசெய்யாது.