சென்சார்: எண்ண வந்தவர் வெட்டத் தொடங்கிய கதை

மகள் பார்க்க, பட்டப்பகலில் மனைவியை முத்தமிட்டார் என்பதற்காக ஒருவரைச் செனட் சபையிலிருந்தே நீக்கினாராம் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ. பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் இதை எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 184இல் கேட்டோ வகித்த பதவியின் பெயர்தான் ‘சென்சார்’.

கி.மு. 443இல் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்தப் பதவியின் முதல் வேலை வெட்டுவதல்ல, எண்ணுவது. குடிமக்கள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு சொத்து என்று இரண்டு சென்சார்கள் பதிவு செய்தார்கள். லத்தீனில் ‘கென்சேரே’ என்றால் மதிப்பிடுதல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் ‘சென்சஸ்’ இதே வேரில் பிறந்தது. சொத்தை மதிப்பிட வந்தவர்கள் நாளடைவில் நடத்தையையும் மதிப்பிட்டார்கள். பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே அவர்கள் குறி போட்டால் மானம் போயிற்று.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இந்தச் சொல் அந்த ரோமானிய அதிகாரியைத்தான் குறித்தது. நூலையும் நாடகத்தையும் முன்கூட்டிப் படித்து நீக்குபவர் என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில் சேர்ந்தது. வினைச்சொல்லானது 19ஆம் நூற்றாண்டில்.

தமிழில் இதற்கு வழங்கும் சொல் தணிக்கை. ‘தணி’ என்ற வினையிலிருந்து வந்தது, சூட்டைத் தணிப்பதுபோலக் கருத்தைத் தணிப்பது என்று பலர் விளக்குகிறார்கள். கேட்க அழகாக இருந்தாலும் அது பொருந்தாது. ஆராய்தல் என்ற பொருளில் அரபு வேரிலிருந்து உருது வழியாக அலுவலக வழக்கில் புகுந்த சொல் இது. தெலுங்கின் ‘தனிகீ’, கன்னடத்தின் ‘தனிகெ’ இரண்டும் இதன் உறவு. அங்கே இன்றும் சோதனை, விசாரணை என்றே பொருள். தமிழிலும் ‘கணக்குத் தணிக்கை’ என்கிறோம். ஆக, இங்கேயும் கணக்குப் பார்க்கும் சொல்தான் கருத்தை வெட்டும் சொல்லாகியிருக்கிறது. ரோமில் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் எனக்கு இதில் வியப்பு அடங்கவில்லை.

இதனால் ஒரு குழப்பமும் உண்டு. ‘கட்டுரை தணிக்கை செய்யப்பட்டது’ என்றால் சரிபார்த்தார்களா, வெட்டினார்களா? இலங்கைத் தமிழர் கணக்குக்குக் ‘கணக்காய்வு’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டார்கள். அது நல்ல வழி, எல்லோரும் பின்பற்றலாம். தணிக்கையைக் கருத்துக்கே விட்டுவிட்டு, வெட்டு விழுந்திருந்தால் ‘தணிக்கையில் இரண்டு பத்திகள் நீக்கப்பட்டன’ என்று உடைத்து எழுதுவது நேர்மை. முழுதாக நிறுத்தினால் அது தடை. ஒரு செய்தியை வேண்டுமென்றே வெளியிடாமல் விட்டால் இருட்டடிப்பு. அச்சத்தால் எழுதுபவரே அடித்துவிட்டால் சுயதணிக்கை. எல்லாவற்றுக்கும் ‘சென்சார்’ என்று எழுதும்போது யார் செய்தார் என்பதே மறைந்துபோகிறது.

வெப்பத்தையோ அசைவையோ அறியும் கருவியையும் பலர் ‘சென்சார்’ என்றே எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது எழுத்தும் வேரும் வேறான சொல்; உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கு ‘உணரி’ இருக்கிறது.