ஈயக் குண்டுக்குத் தாகம் எடுக்கும்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் வந்த தரம் பத்து மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “மேஜர் ரோஜர்ஸின் கல்லறையைக் காட்டினார்கள். 1,400 யானைக்கு மேல் சுட்டவராம். அந்தக் காலத்தில் குண்டை எப்படி இவ்வளவு உருண்டையாகச் செய்தார்கள்?”

இலங்கையிலிருந்த பிரிட்டிஷ் படை அதிகாரியான ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைகளின் சாபம், அதனால்தான் கல்லறை மேலும் இடி விழுந்தது என்று இன்றும் கதை சொல்வார்கள். அந்த யானைகளை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அப்புத்தளை மலைவிளிம்பில் இடிமழை நேரம் வெட்டவெளியில் நின்றால், யானையைக் கண்ணால் பார்க்காதவனுக்கும் அதே கதிதான்.

சரி, குண்டுக்கு வருவோம். அது வாய்வழி நிரப்பும் துவக்குகளின் காலம். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணி சுற்றிய உருண்டையை மேலே வைத்து, கம்பியால் இடித்து இறக்குவார்கள். உருண்டை காரீயம். இரும்பை உருக்க 1,538 பாகை வேண்டும். ஈயத்துக்கு 327 போதும், விறகடுப்பே தாங்கும். கனமும் அதிகம். யானையின் மண்டையோட்டில் பட்டு நசுங்காமல் இருக்கக் கொஞ்சம் வெள்ளீயமும் கலப்பார்கள். அளவுக் கணக்கு இன்னும் எளிது: ஒரு இறாத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வந்தால் அது பன்னிரண்டு ‘போர்’ (bore, குழல் வாயின் அளவு) துவக்கு. பாண் மட்டுமல்ல, துவக்கும் இறாத்தல் கணக்குத்தான்.

குண்டு அச்சு பார்ப்பதற்குப் பாக்குவெட்டி மாதிரி இருக்கும். இரண்டு தாடையிலும் அரை உருண்டைக் குழி, மூடினால் மேலே ஒரு சின்ன வாய். என் தாத்தாவிடம் அப்படி ஒன்று இருந்தது, தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்க. லயத்து இஸ்தோப்பில் அடுப்பு மூட்டி, முதலில் வார்க்கும் நாலைந்தைத் “இது முனியாண்டிக்கு” என்று தனியாக எடுத்து வைப்பார். அவை கிழவி முகம் மாதிரி சுருங்கிக் கிடக்கும். வேலை முடிந்ததும் அவையும் சட்டிக்கே திரும்பிப் போகும். முனியாண்டி ஒன்றும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

விஷயம் வெப்பத்தில் இருக்கிறது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பத்தில் முப்பது கிராம் ஈயத்தைச் சூடாக்கிவிடலாம். அவ்வளவு குறைந்த வெப்பத்தைத்தான் ஈயம் தன்னிடம் வைத்திருக்கிறது. குளிர்ந்த அச்சுச் சுவரில் பட்டதும் அதுவும் பறிபோய், குழி நிரம்பும் முன்பே தோல் கட்டிவிடும். நாலைந்து தடவை வார்த்து அச்சு சூடேறிய பிறகுதான் பளபளவென்று விழும்.

இனி எனக்குப் பிடித்த இடம். தாத்தா குழி நிரம்பியதும் கரண்டியை எடுக்கமாட்டார். வாய்க்கு மேலே ஒரு சின்னக் குன்று நிற்கும்வரை ஊற்றுவார். அப்புறம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். குன்றின் நடுவே மெல்ல ஒரு குழி விழும், கன்னக்குழி மாதிரி. மேலே இருந்த ஈயம் உள்ளே இறங்குகிறது. தண்ணீர் உறைந்தால் பெருக்கும். ஈயம் அப்படியில்லை, உறையும்போது சுமார் மூன்றரை வீதம் சுருங்கும். உருண்டை வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. ஓடு கட்டியாகிவிட்டது, உள்ளே இன்னும் திரவம். அது சுருங்கச் சுருங்க ஓட்டுக்குள் இடம் காலியாகிறது. அந்த இடத்தை நிரப்ப வழி ஒன்றே ஒன்று, மேலே உள்ள வாய். குன்று திரவமாக இருக்கும்வரை குண்டு குடித்துக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுக் குன்றை வெட்டினாலோ, குன்றே இல்லாமல் ஊற்றினாலோ, உள்ளே பொந்து விழும். அதுவும் நடுவில் விழாது, கடைசியாக உறையும் வாய்ப்பக்கமாக விழும். அப்படி ஒரு பக்கம் கனம் குறைந்த குண்டு, சுழன்று போகும்போது தள்ளாடும்.

ஆசைப்பட்டு யாரும் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். நம் ஊர்த் தூறலில் ஒரு சொட்டுத் தண்ணீர், உருகிய ஈயத்துக்குள் சிக்கினாலே போதும், ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருத்து, சட்டியையே முகத்தில் அடிக்கும். பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பது அதைவிட மோசம். அந்தத் தூசு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். பற்றரி உடைக்கும் இடங்களைச் சுற்றி வாழும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளக்க ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால், நான் கைதட்டுவேன்.

பொந்து விழுந்த குண்டை வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தராசுதான் காட்டிக்கொடுக்கும். பன்னிரண்டு போர் உருண்டை கிட்டத்தட்ட 38 கிராம். குடிக்கவே விடாமல் உறைந்ததில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் குறையும். வார்த்து முடித்ததும் ஒவ்வொன்றாக நிறுத்து, இலேசானதையெல்லாம் மறுபடி சட்டியில் போடுவார்கள்.