டெட்ராபாட் – நாற்கால் மரபு: சொல் விளக்கம்

டெட்ராபாட்: விரல்களோடு கூடிய கைகால் கொண்ட முதுகெலும்பிகளும் அவற்றின் வழிவந்த எல்லா உயிர்களும். தவளை, பல்லி, பாம்பு, பறவை, திமிங்கிலம், மனிதர் அனைவரும் இதற்குள் அடக்கம்.

சொல் கிரேக்கம். 'டெட்ரா' நான்கு, 'பொட்' பாதம். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த 'பாதம்' என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். கடலோரத்தில் அலை தாங்கக் கொட்டும் நான்கு முனைக் கான்கிரீட் கட்டிக்கும் இதே பெயர் உண்டு. குழம்ப வேண்டாம்.

பெயரில் நான்கு இருந்தாலும் இது கால் எண்ணும் சொல் அல்ல, வம்சம் சொல்லும் சொல். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணப் புதர்க்காடுகளில் வாழும் மலைப்பாம்பின் கழிவாய்க்கு இருபுறமும் நகம்போல ஒரு சிறு முள் இருக்கும். ஆணுக்குச் சற்றுப் பெரிது. அது பின்னங்காலின் மிச்சம். டர்பன் கடலோரமாக ஆண்டுதோறும் வடக்கே போகும் கூனல் முதுகுத் திமிங்கிலத்தின் உடலுக்குள்ளும் இடுப்பெலும்பின் எச்சம் உண்டு. கால் போனாலும் மரபு போகாது.

புதைபடிவத்தில் கால் எலும்பு கிடைக்காமலே ஓர் உயிரை டெட்ராபாட் என்று சொல்வதும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் மக்கண்டா (பழைய கிரகாம்ஸ்டவுன்) நகருக்கு அருகே நெடுஞ்சாலைக்காக வெட்டிய இடத்தில், வாட்டர்லூ ஃபார்ம் என்னும் களத்தில், கரிய களிப்பாறை வெளிப்பட்டது. வயது சுமார் 36 கோடி ஆண்டு. அதிலிருந்து டுட்டூசியஸ், உம்ஸான்ட்சியா என்னும் இரண்டு உயிர்களை ராபர்ட் கெஸ், பெர் ஆல்பெர்க் இருவரும் 2018இல் விவரித்தார்கள். முன்னதன் பெயர் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவை நினைத்து இட்டது. அதற்குச் சான்றாகக் கிடைத்தது தோள்பகுதியைச் சேர்ந்த கிளைத்ரம் என்ற ஒரே எலும்பு. அது எப்படிப் போதும்? எலும்பு மீன்களில் தோள்வளையம் மண்டையோட்டின் பின்புறத்தோடு பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பு அற்றபோதுதான் தலை தனியே திரும்பியது, கழுத்து என்று ஒன்று உண்டானது. எலும்பின் வடிவம் அந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்று இந்நிலம் தென்துருவ வட்டத்துக்குள் இருந்தது. வெப்ப மண்டலத்தில்தான் இம்மரபு தோன்றியிருக்க வேண்டும் என்ற பழைய முடிவு அதனால் ஆட்டம் கண்டது.

அதே களத்தில் சீலகாந்த் என்னும் சதைத்துடுப்பு மீனின் குஞ்சுகளுடைய புதைபடிவங்களும் கிடைத்துள்ளன. இங்கேதான் பிழைகள் மலிகின்றன. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர் அருகே வலையில் சிக்கிய சீலகாந்துக்கு மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித் 'கிழ நாலுகாலன்' என்று பொருள்படச் செல்லப்பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது, 'நம் பாட்டன் மீன்' என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. இரண்டும் சரியல்ல. 1987இல் நீர்மூழ்கியிலிருந்து படமெடுத்தபோது, அது துடுப்புகளைக் குறுக்குக்குறுக்காக மாற்றி அசைத்து நீந்தியதே தவிர, தரையில் நடக்கவில்லை. சதைத்துடுப்பு மீன்களில் நமக்கு நெருங்கிய உறவு நுரையீரல் மீன். 2013இல் வெளியான சீலகாந்த் மரபணுத்தொகை ஆய்வும் அதையே உறுதி செய்தது. சீலகாந்த் பங்காளி, பாட்டன் அல்ல.

'மீன் தவளையானது, தவளை பல்லியானது' என்று எழுதுவது இன்னொரு பிழை. இன்றைய தவளை தனிக்கிளை. வரிசை இப்படி: முதலில் நுரையீரல், அதுவும் நீரில் இருக்கும்போதே. பிறகு துடுப்புக்குள் எலும்புகள் அமைந்தன: மேலே ஒன்று, கீழே இரண்டு, அப்புறம் மணிக்கட்டு. கனடாவின் வடகோடியில் கிடைத்த 37.5 கோடி ஆண்டு பழைய டிக்டாலிக் என்னும் மீனுக்குக் கழுத்து உண்டு, மணிக்கட்டின் தொடக்கம் உண்டு, விரல் இல்லை. கிரீன்லாந்தில் கிடைத்த ஆதி டெட்ராபாடுகளில் அகாந்தோஸ்டெகாவுக்கு முன்னங்காலில் எட்டு விரல், இக்தியோஸ்டெகாவுக்குப் பின்னங்காலில் ஏழு. ஐந்து என்ற கணக்கு பிறகு நிலைத்தது.

கால் வந்த பிறகும் முட்டை நீரில்தான். அதை மாற்றியது பனிக்குடம். கருவைச் சுற்றி நீர் நிறைந்த பனிக்குடப் படலம், கழிவைத் தேக்கவும் மூச்சு வாங்கவும் உதவும் பை, எல்லாவற்றையும் மூடும் வெளிச்சவ்வு ஆகியவை அமைந்ததால் உலர்ந்த தரையிலும் முட்டை பிழைத்தது. கனடாவின் ஜாகின்ஸ் பாறைகளில், பட்ட மரத்தண்டுகளின் பொந்துக்குள் கிடைத்த ஹைலோனோமஸ், பல்லி போன்ற சுமார் 20 செ.மீ. உயிர், நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஊர்வனவற்றில் ஒன்று. வயது 31 கோடி ஆண்டுக்கும் மேல். ஊர்வன என்ற சொல்லில் சிக்கல் இல்லை. 'ரெப்டைல்' என்பதன் லத்தீன் வேருக்கும் ஊர்தல் என்றே பொருள்.

டெட்ராபாடுக்குத்தான் சிக்கல். 'நாற்காலி' சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'இக்தியோஸ்டெகா ஒரு நாற்காலி' என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்து ஓய்ந்த பிறகே பாடம் தொடரும். 'நாற்கால் விலங்கு' என்றால் ஆடு மாடுதான் நினைவுக்கு வரும், பாம்பும் பறவையும் வெளியே நின்றுவிடும். 'இருவாழ்வி' என்பதும் கூடாது, அது தவளைக் கிளைக்கு உரியது. குழுவுக்கு 'நாற்கால் மரபு', தனி உயிருக்கு 'நாற்கால் மரபுயிர்' என்பதே எங்கள் பரிந்துரை. 'பாம்பு காலிழந்த நாற்கால் மரபுயிர்' என்று தயங்காமல் எழுதலாம். முதல் முறை வரும்போது அடைப்புக்குறிக்குள் டெட்ராபாட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வகைப்பாட்டுப் பெயராக வரும் இடத்தில் மட்டும் டெட்ராபோடா.